சப்பாத்துப் பாலம் தாண்டாத ஆய்வாளர்

எலுவன்குளத்தைப் பற்றி நம் ஆய்வாளர் எழுதிய ஆய்வேட்டை நன்றியுரையிலிருந்து வாசிப்பதுதான் முறை. இறைவனுக்கும் பெற்றோருக்கும் மேற்பார்வையாளருக்கும் முதலில் நன்றி சொல்வார். பிறகு வண்ணாத்திவில்லு பிரதேச செயலகத்துக்கும், தாம் முகமே பார்த்திராத கிராம உத்தியோகத்தருக்கும், வேலைப்பளுவுக்கு நடுவிலும் மனமுவந்து தகவல் தந்த பக்கத்துக் கங்கேவாடி மீனவர்களுக்கும். அட்டை போட்டுக் கட்டித் தந்த கடைக்காரருக்குக்கூட ஒரு வரி உண்டு. ஏட்டை எழுதியவருக்கு மட்டும் இல்லை. எழுதியது செயற்கை நுண்ணறிவு என்பதால் அது கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறாரோ என்னவோ. அவரைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து கட்டளை போடுகிற உழைப்பாளி அவர். "இன்னும் ஆழமாக" என்பார், "இன்னும் கல்வித்தரமாக" என்பார், கடைசியில் "மனிதர் எழுதியதுபோல மாற்றித் தா" என்பார். பக்கத்தில் ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் அவருக்கே நினைவு வராது.

கொழும்பைப் பற்றிக் கேட்டால் இயந்திரத்திடம் சரக்கு இருக்கிறது. எழுதிக் குவித்திருக்கிறார்கள், அதுவும் வாசித்திருக்கிறது. எலுவன்குளமோ புத்தளம்-மன்னார் பழைய வீதியில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில், கலா ஓயா ஆறு களப்பில் சேரப்போகும் இடத்துக்குக் கிட்ட இருக்கிற சிற்றூர். இதுவரை வந்த சொற்களுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பதே இந்த இயந்திரத்தின் தொழில். வாசித்தது நிறைய என்றால் கணிப்பு உண்மைக்குப் பக்கத்தில் விழும். கொஞ்சம் என்றால் வேறோர் ஊரின் உண்மை இந்த ஊரின் பெயரில் வந்து உட்காரும். குரல் மட்டும் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஊர் மனிதரிடம் தெரியாததைக் கேட்டால் இழுப்பார், தலையைச் சொறிவார், "அது எங்கட மாமாட்டத்தான் கேக்கணும்" என்பார். அந்த இழுவையே நமக்கு ஒரு தகவல். இயந்திரத்துக்குப் பெரும்பாலும் அந்த இழுவை வராது. கலா ஓயாவைக் கடக்கும் தாழ்வான சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றுபோவது ஏன் என்ற கேள்விக்கு, கரையோரத்தில் பெய்யும் கடும் மழை என்று நம்மவரின் ஏடு முப்பது பக்கம் பேசும், காலநிலை மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு. உண்மையில், அனுராதபுரப் பக்கம் மழை கொட்டி, அதே ஆற்றின் இராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், எலுவன்குளத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும். தேத்தண்ணிக் கடையில் கேட்டிருந்தால் "இஞ்ச எங்க தம்பி மழ, ராஜாங்கனையத் தொறந்திட்டாங்க" என்ற ஒரு வரியில் அந்த அத்தியாயம் முடிந்திருக்கும். முடிந்துவிடும் என்பதுதான் அவருக்குப் பயமோ?

உசாத்துணைப் பட்டியல் இன்னும் சுவையானது. கலா ஓயாவுக்கு வடக்கே, வில்பத்துக்குள், பொம்பரிப்பில் இறந்தோரைத் தாழியில் அடக்கம் செய்த தொல்பழங்கால ஈமக்காடு இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூரோடு அதை ஒப்பிடுவார்கள். 1924இலேயே அங்கே தோண்டிப் பார்த்தார்கள், 1970இல் தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தார்கள். நம்மவரின் பட்டியலிலும் பொம்பரிப்பு பற்றி ஒரு கட்டுரை இருக்கும். ஆசிரியர் உண்மையான ஆள், சஞ்சிகை உண்மையானது, ஆண்டும் பொருந்துகிறது, பக்க எண்ணும் உண்டு. கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. இது நம்மூர்க் குறை என்று தலை குனிய வேண்டியதில்லை. 2023இல் நியூயோர்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகக் கட்டிக் கொடுத்த ஆறு தீர்ப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் சரிபார்க்கவும் செய்திருந்தார்: இந்த வழக்குகள் உண்மைதானா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார், அதுவும் ஆம் என்றது. 2024இல் லிதியம் பற்றரி பற்றிய ஒரு விஞ்ஞானக் கட்டுரை, "நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஏற்ற முன்னுரை இதோ" என்ற பொருள்பட இயந்திரம் சொன்ன பதிலையே முதல் வாக்கியமாகக் கொண்டு பெரிய பதிப்பகமொன்றின் சஞ்சிகையில் அச்சேறியது. எழுதியவர்கள், மதிப்பிட்டவர்கள், பதிப்பாசிரியர் என்று அத்தனை பேரின் கண்ணுக்கு முன்னாலும் முதல் வரி அப்படியே நடந்துபோயிருக்கிறது. அந்தக் கட்டுரையில் இயந்திரத்தின் குற்றம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. அது கேட்டதைக் கொடுத்தது, கொடுக்கும்போது மரியாதையாகவும் பேசியது.

இதற்கு நம் ஆய்வாளரிடம் தயாரான பதில் ஒன்று உண்டு: இயந்திரம் வருவதற்கு முன்னால் எல்லாரும் யோக்கியமாகவா எழுதினார்கள்? நியாயமான கேள்வி. 1344இல் இபின் பதூதா புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார் என்பதைப் புத்தளம் பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதுவார்கள். பதூதாவின் பயணநூலைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சபை மௌனமாகிவிடும். ஒருவர் அடிக்குறிப்பை இன்னொருவர் சுட்டு, அதை மூன்றாமவர் சுட்டு எழுதுவது நம் கல்வியுலகின் பழைய கைத்தொழில். ஆனால் பழைய கொப்பிக்காரரின் பிழைக்கு ஒரு தகப்பன் இருந்தான். நூலைப் பின்தொடர்ந்து போனால் எந்தப் பதிப்பின் எந்தப் பக்கத்தில் அது பிறந்தது என்று பிடித்துவிடலாம். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிற்காலத்தவர் திருத்திய இடங்கள் அவர் நூல்களில் உண்டு. திருத்த முடிந்ததே அவர் பெயர் அதில் நின்றதால்தான். எதை நம்பி எழுதினார் என்று கேட்கவும் மறுக்கவும் ஓர் ஆள் இருந்தார். இயந்திரம் கட்டிவிட்ட பிழையை எந்த நூல்வரைக்கும் பின்தொடர்வது? நேச்சர் சஞ்சிகை 2023 ஜனவரியில், இத்தகைய கருவிகளைக் கட்டுரையின் ஆசிரியராகச் சேர்க்கக்கூடாது, பயன்படுத்தியிருந்தால் கட்டுரையிலேயே சொல்லவேண்டும் என்று விதித்ததற்குக் காரணமும் இதுவே. ஆசிரியராக இருப்பதென்றால் கேட்டவனுக்குப் பதில் சொல்லவேண்டும். கருவியால் அது முடியாது.

இரண்டாவது பதில் இதைவிடக் கனமானது. தமிழில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதவேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தும் வாக்கியம் வராமல் திண்டாடுகிறது. வாக்கியத்தைச் சீராக்க ஒரு கருவி கிடைத்தால் அதையும் பிடுங்குவதா? பிடுங்கக்கூடாது. கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு வீட்டிலேயே கிடைத்த திருத்தம், கிராமத்துப் பிள்ளைக்குக் கைபேசியில் கிடைப்பதில் எந்த அநியாயமும் இல்லை. அநியாயம் மறுபக்கத்தில்தான் நடக்கிறது. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதென்று குற்றஞ்சாட்டின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே மென்பொருள் காட்டும் சதவீதத்தை வைத்து மாணவரைத் தூக்கிலிடும் விரிவுரையாளரும் நம்மவரின் உறவினர்தான். இருவரும் தாம் வாசிக்கவேண்டியதை வாசிக்காதவர்கள். சொந்தமாகச் சேர்த்த தகவலுக்கு இயந்திரம் ஆங்கிலம் உடுத்தட்டும், அதை முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிடட்டும். நம்மவர் செய்வது வேறு: ஆங்கிலம் மட்டுமல்ல, தகவலும் இரவல்.

அந்த இரவலின் உச்சம் அவருடைய வினாக்கொத்து. கங்கேவாடியில் 120 மீனவர்களிடம் கேட்டதாக அட்டவணை இருக்கும்; "நம்பத்தக்க தரவு தயாரித்துத் தா" என்ற கட்டளைக்குப் பிறந்தவர்கள் அந்த 120 பேரும். அவர்களைப்போல உத்தமர்களை எந்தக் கரையிலும் காண முடியாது. ஒருவரும் "வலை இழுக்கிற நேரத்தில என்ன கேள்வி" என்று விரட்டவில்லை. ஒருவரும் பாதிக் கேள்வியில் எழுந்து போகவில்லை. கடனைப் பற்றிக் கேட்டால் கூச்சப்படாமல் கணக்குச் சொல்கிறார்கள், வருமானத்தை ஐயாயிரத்தின் மடங்காகச் சொல்கிறார்கள், கண்டல் காட்டைப் பாதுகாக்கவேண்டும் என்பதற்கு "முழுமையாக உடன்படுகிறேன்" என்கிறார்கள். கண்டலை வெட்டினால் பிடிபடுவோம் என்பதற்காக ஒரு மீனவர் பொய் சொல்லக்கூடும், அந்தப் பொய்யும் ஆய்வுக்குரிய செய்திதான் என்பது இந்த அட்டவணையில் எங்கும் ஏறாது. உண்மையான 20 பேரிடம் பேசி ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தாக்க இயந்திரத்திடம் கொடுத்து, புத்தளப் பேச்சில் அது தடுமாறுகிற இடங்களைத் தாமே கேட்டுத் திருத்தியிருந்தால், அந்த 20 பேர் இந்த 120 பேரையும் தூக்கிச் சாப்பிட்டிருப்பார்கள்.

மேற்பார்வையாளர்களும் சும்மா இல்லை. களக் குறிப்பேட்டைக் கொண்டுவா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம்மவர் முதலில், அடித்தல் திருத்தலோடு ஒரு களக் குறிப்பேடு எழுதித் தரும்படி இயந்திரத்தையே கேட்டார், அதுவும் தந்தது. ஆனால் பாலத்தில் நீர்மட்டம் காட்டும் ஒரு படமாவது வேண்டும், அங்கே நிற்கும் ஆய்வாளரும் அதில் தெரியவேண்டும் என்று மேற்பார்வையாளர் பிடிவாதமாக நின்றுவிட்டார். வேறு வழியில்லை, போய்த்தான் ஆகவேண்டும். புத்தளத்திலிருந்து எலுவன்குளத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று நம்மவர் கைபேசியில் தட்டினார். விடை உடனே வந்தது: புறப்படும் நேரம், சேரும் நேரம், கட்டணம், ஜன்னலோர இருக்கை எந்தப் பக்கம் நல்லது என்பது உட்பட. அதை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.