கீரைக்குத் தடையில்லாச் சான்று

எங்கள் தெருமுனையில் ஒரு வாரியத்தின் நிலம் கிடக்கிறது. 'இருக்கிறது' என்று எழுத மனம் வரவில்லை. நாற்பத்திரண்டு சென்ட். ஓர் ஓரத்தில் நீரேற்று நிலையம், தலைக்கு மேலே 110 கேவி உயரழுத்தக் கம்பி, காலுக்குக் கீழே எங்கேயோ ஒரு குழாய். நடுவில் சீமைக்கருவேலம், யாரோ இடித்த வீட்டின் செங்கல், விளிம்பு உடைந்த வெஸ்டர்ன் கோப்பை, குவார்ட்டர் பாட்டில்கள். 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று ஒரு பலகை. பலகையின் காலில் ஒரு மாடு கட்டியிருக்கும். அந்த நிலத்தை உருப்படியாகப் பயன்படுத்தியது, எனக்குத் தெரிந்து, அந்த மாடு மட்டும்தான்.

2020 மே மாதம் தொற்றுக்குப் பயந்து கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்குக் கொண்டுபோனார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் எங்கள் தெருவில் கொத்தமல்லிக்குச் சண்டை நடந்தது. அப்போதுதான் நாங்கள் சிலர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி அந்த நிலத்தை முதல்முறையாகப் பார்த்தோம். ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மாஸ்டர், டியூஷன் டீச்சர், ஆட்டோ ஓட்டும் இரண்டு தம்பிகள், கூடையில் கீரை விற்கும் கீரைக்காரம்மா, நான் என்று மொத்தம் பதினோரு பேர். குத்தகைக்குக் கேட்போம், வாடகை கட்டுவோம், தெருவின் சமையலறைக் கழிவை மக்கவைத்து எருவாக்குவோம், மருந்தடிக்காமல் கீரையும் வெண்டையும் போடுவோம் என்று தீர்மானம். போஸ்ட்மாஸ்டர் தன் கையெழுத்தில் மனு எழுதினார். இந்தக் கதையில் நாங்கள் செய்த ஒரே குற்றம் அந்த மனுதான்.

உதவிப் பொறியாளர் மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார்.

"என்ன போடப் போறீங்க?"

"கீரை சார்."

"கீரைன்னா... என்ன மாதிரி ப்ராஜெக்ட்?"

"முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை..."

"அத கேக்கல சார். ஷெட் வருமா? ஆபீஸ் ரூம் வருமா? கேட் எத்தன அடி?"

"ஒண்ணும் வராது சார். மண்ணுதான்."

பேனாவை மூடி வைத்தார். "அப்ப நிலம் காலியாவே இருக்கும்னு சொல்லுங்க."

அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் கேலி பேசவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்த கண்ணோடு பார்த்தார். அந்தக் கண்ணுக்குச் சிமென்ட் இருந்தால் அது பயன்பாடு. பயிர் நின்றால், இன்னும் எதுவும் கட்டாத இடம்.

இத்தனைக்கும் இவர்களுடைய வருவாய்க் கணக்கு இன்றைக்கும் ஓடுவது பசலி ஆண்டில். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், அறுவடையை வைத்து வந்த ஆண்டு. அறுவடையை எப்போதோ கைகழுவிவிட்டார்கள், காலண்டரை மட்டும் விடவில்லை. நாங்கள் மனு கொடுத்தது பசலி 1430-ல். நாலு பசலி போய் ஐந்தாவது பிறந்தபோதும் மனு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முளைக்கீரைக்கு இருபத்தைந்து நாள் போதும். மனுவின் கதி என்னவென்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், பதில் சொல்லச் சட்டம் தரும் கெடு முப்பது நாள். அதற்குள் ஒரு போகம் பிடுங்கிவிட்டு மறுபடி விதைத்துவிடலாம்.

முதலில் நிலம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பலகை வைத்த வாரியம், "கீழ போற குழாய் எங்களோடது, நிலம் ஒப்படைப்பு ஆச்சான்னு ஃபைல் பாக்கணும்" என்றது. மின்சாரக்காரர்கள், "மேல போற கம்பிக்குத்தான் நாங்க பொறுப்பு" என்றார்கள். வருவாய்த் துறையில் சர்வே நம்பரைப் பார்த்துவிட்டு, "புறம்போக்குதான், ஆனா வாரியத்துக்கு ஒதுக்கின மாதிரியும் இருக்கு" என்றார்கள். ஆக, வானத்துக்கு ஒரு துறை, பாதாளத்துக்கு ஒரு துறை. நடுவில் கீரை வேர்விடும் அரையடி மண்ணுக்கு மட்டும் நாதியில்லை.

110 கேவி கம்பிக்குக் கீழே 22 மீட்டர் அகலத்துக்குத் தடம் விட வேண்டும் என்பது விதி. வீடு கட்ட முடியாது, உயரமான மரம் கூடாது. சரி, அப்படிப்பட்ட இடத்தில் வேறு என்னதான் செய்வது? முழங்கால் உயரப் பயிரைத் தவிர அங்கே வேறு எதற்கும் யோக்கியதை இல்லை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எங்களுக்கு வந்த கடிதம் வேறு மாதிரி சொன்னது: 'உத்தேசிக்கப்பட்ட பயிர்களின் அதிகபட்ச உயரம் குறித்துத் தகுதிவாய்ந்த அலுவலரிடம் சான்று பெற்றுச் சமர்ப்பிக்கவும்.' கீரைக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். கையைத் தரையிலிருந்து முழங்காலுக்கு உயர்த்தி, "இவ்ளோதான் வரும்னு எழுதிக் குடுப்பா" என்றார். அவர் தகுதிவாய்ந்த அலுவலர் இல்லையாம். நாற்பது வருஷமாகக் கீரையோடு வாழ்கிறவர்.

கடைசியில் ஒரு வரைவு ஒப்பந்தம் வந்தது. தெருவே கூடிப் படித்தோம். குத்தகைக் காலம் பதினோரு மாதம். ஓராண்டைத் தாண்டினால் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பத்திரம் பதிய வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாமென்று நாடு முழுக்க வாடகை வீட்டுக்குக் கையாளும் தந்திரம் அது. வாடகைக்குக் குடிவருகிறவன் பெட்டியோடு வந்து பெட்டியோடு போவான். மண் அப்படியா? முதல் மூன்று மாதம் செங்கல் பொறுக்கவே சரியாகப் போகும். அடுத்த மூன்று மாதம் எரு மக்க வேண்டும். மண்புழு ஏறி, நிலம் கொஞ்சம் கறுத்து, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் நேரத்துக்குப் பன்னிரண்டாவது மாதம் பிறந்துவிடும். 'எவ்விதக் காரணமும் கூறாமல் எந்நேரமும் ரத்து செய்யப்படலாம்' என்ற வரி தனி.

வாடகை வழிகாட்டி மதிப்பின்படி. பக்கத்து அடுக்குமாடிக்குச் சதுர அடிக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு வெண்டைக்காய்க்கும். டியூஷன் டீச்சர் கணக்குப் போட்டார்: ஒரு கட்டுக் கீரையை நானூறு ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகும். அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். 'விளைபொருளை விற்பனை செய்யக் கூடாது.' வாடகை வியாபாரிக்கு உள்ளது, நிபந்தனை சாமியாருக்கு உள்ளது. அதற்கடுத்து, பந்தல் கால் நடக்கூடாது, அது கட்டுமானம். கிணறு, போர் கூடாது. நீரேற்று நிலையத்திலிருந்து இணைப்புத் தர இயலாது. 'குத்தகைதாரர் சொந்தச் செலவில் லாரித் தண்ணீர் பெற்றுக்கொள்ளலாம்.' அந்த லாரிகள் தண்ணீர் பிடிப்பது எங்கே என்கிறீர்கள்? அதே நீரேற்று நிலையத்தின் வாசலில். பகல் முழுக்கக் குழாய்முனையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் எங்கள் தெரு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அரசாங்கத்துக்கு நீண்ட குத்தகை கொடுக்கவே தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-லிருந்து 99 வருஷம். 160 ஏக்கர். வருஷ வாடகை 614 ரூபாயும் சில்லறையும். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. 1970 முதல் உயர்த்திக் கேட்ட வாடகையில் பாக்கி மட்டும் 730 கோடிக்கு மேல் என்று கணக்குக் காட்டி, 2024 செப்டம்பரில்தான் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தார்கள். நானும் கைதட்டினேன், மறைக்கவில்லை. அங்கே வெள்ளம் தாங்கக் குளம் வெட்டியதும் நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கணக்கு நெஞ்சைவிட்டு இறங்கவில்லை: குதிரை ஓடுவதற்கு 99 வருஷம், கீரை முளைப்பதற்கு 11 மாதம். குதிரை பாக்கி வைத்தால் பொறுத்துக்கொள்ள அரை நூற்றாண்டு. நாங்கள் முன்பணமாக ஆறு மாத வாடகை கட்டத் தாமதித்தால், விண்ணப்பம் தானாகவே நிராகரிக்கப்பட்டதாகக் கருதப்படுமாம்.

மீட்ட அந்த நிலத்தில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்துப் பூங்கா போடுவதாக அறிவிப்பும் வந்தது. பூங்கா என்றால் இவர்களுக்குப் புரியும். கேட் உண்டு, டிக்கெட் உண்டு, செல்ஃபி எடுக்க இடம் உண்டு, திறந்துவைத்தவர் பெயரோடு கல்வெட்டு உண்டு. கீரைப் பாத்தியில் கல்வெட்டை எங்கே நடுவது? ரிப்பன் வெட்டுவதற்குள் பிடுங்கி, கட்டி, ரசத்தோடு சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

அதே தோட்டக்கலைத் துறைதான் மாடித் தோட்டத்துக்குப் பையும் விதையும் தென்னை நார்க் கழிவும் மானிய விலையில் கொடுக்கிறது. 2013-14-லேயே சென்னையிலும் கோவையிலும் தொடங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் நன்றாகவே வளர்க்கிறார்கள். திட்டத்தின் உட்பொருளைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன்: மாடி உங்களுக்கு, தரை எங்களுக்கு. கீரைக்காரம்மாவின் வீடு தகரக் கொட்டகை. அவர் பையை எங்கே வைப்பார்?

இதற்கிடையில் நிலம் சும்மா இருக்கவில்லை. ஒரு ராத்திரி பதினான்கு லாரி கட்டடக் கழிவு வந்து விழுந்தது. யாரும் அவர்களிடம் தடையில்லாச் சான்று கேட்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே பெருங்குடிக் குப்பை மலையை எழுப்பிய ஊர் இது. நாற்பத்திரண்டு சென்ட் எந்த மூலைக்கு! அடுத்த மாதம் இரண்டு ஆம்னி பஸ்கள் உள்ளே நின்றன. டிரைவரிடம், "யாருப்பா பர்மிஷன் குடுத்தது?" என்று கேட்டேன். "பேசிக்கிட்டாங்க சார்" என்றார். யார், யாரிடம், எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். எங்கள் பதினோரு பேருக்கும் அந்தப் பாஷை வரவில்லை. நாங்கள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எனக்கு அதில்தான் அவமானம். கேட்கும் அளவுக்குக்கூட எங்களை மதிக்கவில்லை. கீரையில் என்ன தேறும் என்று பார்த்தவுடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். நல்ல காரியம் நின்றுபோவதற்குக் கெட்டவர்கள் தேவையில்லை. அதனால் யாருக்கும் ஐந்து பைசா லாபமில்லை என்றால் போதும். நாலு வருஷம் மூன்று அலுவலகங்களில் நாங்கள் சந்தித்தவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லோரும் 'நல்ல ஐடியா சார்' என்றார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர். அலுவலக உதவியாளர், ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. டீக்கடையில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், நீங்க கேட்டிருக்கவே கூடாது."

"பின்னே?"

"வேலியப் பிரிச்சு விதைய வீசியிருக்கணும். விஏஓ வந்து ஆக்கிரமிப்புன்னு பி மெமோ குடுப்பாரு. அபராதம் கட்டணும், ரசீத பத்திரமா வச்சுக்கணும். பத்து வருஷம் கட்டினா அதுவே ஒரு ஆதாரம். இந்த ஊர்ல பாதி பேரு அப்படித்தான் வந்தான். நீங்க கேட்டுட்டீங்க. கேட்டா இல்லைன்னுதான சார் சொல்லணும்?"

1905-ல் வெள்ளைக்காரன் போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த வக்கீலும் எனக்கு விளக்கியதில்லை. எடுத்துக்கொண்டவனோடு அரசாங்கம் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும். அவன் பெயரை எழுதும், அளவை எழுதும், பணம் வாங்கி ரசீது தரும். கேட்டு நிற்பவனுக்கு 'பரிசீலனையில் உள்ளது.' ஒழுங்காக வரிசையில் நின்றவனை முட்டாளாக்கிவிட்டு, மேடையில் ஏறிப் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே, உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

தெருக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது போஸ்ட்மாஸ்டர் முகம் சுளித்தார். சட்டத்தை மீறக் கூடாது என்றார். இன்னொரு நினைவூட்டுக் கடிதம் எழுதலாம் என்றார். அது பதினேழாவது. கீரைக்காரம்மா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மதிலுக்கு உள்ளே வாசல் ஓரமாக, லாரித் தண்ணீர் வழிந்து வடியும் இடத்தில் நான்கு பாத்தி கட்டிவிட்டார். மாட்டை இன்னொரு கம்பத்துக்கு மாற்றிக் கட்டினார். செங்கலைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினார். விதையை மணலோடு கலந்து தூவினார்.

இருபத்திரண்டாம் நாள் விஏஓ வந்தார். டேப் பிடித்து அளந்தார், பெயர் கேட்டார், எழுதினார், கிழித்துக் கொடுத்தார். அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். சர்வே எண் இருந்தது. பரப்பு ஒன்றரை சென்ட் என்று இருந்தது. நிலம் எந்தத் துறையுடையது என்று நாலு வருஷமாக எங்களுக்குச் சொல்லாத விஷயமும் ஒரே சொல்லில் இருந்தது. ஆக்கிரமிப்பின் தன்மை என்ற இடத்தில் எழுதியிருந்தார்: 'சாகுபடி – கீரை.'

போஸ்ட்மாஸ்டர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். பிறகு தானே லேமினேட் செய்து கொடுத்தார்.

கட்டு இருபது ரூபாய். காலை ஏழு மணிக்குள் வந்தால் கிடைக்கும்.