குப்பி மாஸ்டர்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிற பதவி ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, நேர்முகப் பரீட்சை கிடையாது, ஓய்வூதியம் சத்தியமாகக் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிபோல விடுதியில் யாரோ ஒருவன் கதவைத் தட்டி, "மச்சான், உனக்கு அந்த மூண்டாவது பாடம் விளங்கினதெல்லே?" என்று கேட்பான். "ஓரளவுக்கு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவ்வளவுதான், பதவியேற்பு முடிந்துவிட்டது. அந்த "ஓரளவுக்கு"க்காரன்தான் குப்பி மாஸ்டர்.

குப்பி என்பது மாணவன் மாணவனுக்கு எடுக்கும் வகுப்பு. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துக்கொண்ட சொற்களில் இதுவும் ஒன்று.

குப்பிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று வெளியார் கேட்பதுண்டு. அனுமதி முறையைப் பார்த்தால் விளங்கும். உயர்தரப் பரீட்சை முடிந்ததும், பெரும்பாலான துறைகளுக்கு, 40 வீதம் பேரைத் தீவு முழுவதற்குமான திறமை வரிசையிலும், 55 வீதம் பேரை மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் பேரைப் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆகவே கொழும்பில் ஆங்கிலத்தில் கனவு காண்கிறவனும், மன்னாரில் தமிழில் கனவு காண்கிறவனும், அம்பாந்தோட்டையில் சிங்களத்தில் கனவு காண்கிறவனும் ஒரே விரிவுரை மண்டபத்தில் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். பொறியியற் பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில். தகைப்பு, விகாரம் என்று தமிழில் கரைத்துக் குடித்து மாவட்டத்தில் முதலாவதாக வந்த பையனுக்கு, ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று கேட்டதும் இரண்டில் தனக்கு இருப்பது எது என்ற சந்தேகம் வந்துவிடும். முதல் ஆண்டின் முதல் மாதங்களில் அவன் பகிடிக்கும் சிரிக்கமாட்டான். பக்கத்திலிருப்பவன் சிரித்து முடிந்த பிறகுதான் சிரிப்பான். இந்த இடைவெளிக்குள்தான் குப்பி மாஸ்டர் பிறக்கிறார்.

1942-இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தைப் பத்து வருடம் கழித்துப் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது, தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று நின்றவர் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். ஹந்தானை மலை, மகாவலி ஆறு, விடுதிகள், உணவு மண்டபங்கள், மரங்கள் எல்லாவற்றுக்கும் இடம் பார்த்து ஒதுக்கினார்கள். குப்பிக்கென்று ஓர் அறை ஒதுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை எழுபது வருடமாக டேபிள் டென்னிஸ் மேசைகள் தீர்த்து வருகின்றன.

நான் சொல்லும் இரவில் அந்த மேசையின் வலை கழற்றி மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுவரில் ஒரு வெண்பலகை. அதில் போன பட்ச் எழுதிய ஏதோ ஒரு சமன்பாடு எத்தனை முறை துடைத்தும் போகாமல் நிழலாக நின்றது. மார்க்கர் காய்ந்துபோய், எழுதுவதைவிடக் கீச்சிடுவது கூட. இருபது பேர்வரை வந்திருந்தார்கள். பேராதனைக் குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் பாதி. ஒருவன் தலையணையோடு வந்தான். அவனுடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லா மாஸ்டர்களும் தொடங்கும் அதே வசனத்தில் தொடங்கினார்.

"டேய், இதுக்குள்ள ஒண்டுமே இல்லையடா."

இந்த வசனத்தை நம்பிப் பட்டம் பெற்றவர்கள் நாடு முழுவதும் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லாததை விளக்க அன்று மட்டும் ஆறு மணித்தியாலம் போனது.

பாடம், சுமை ஏற்றிய தீராந்தி எப்படி வளையும் என்பது. விரிவுரையில் அதற்கு இரண்டு பக்கம் வகையீட்டுச் சமன்பாடு போயிருந்தது. மாஸ்டர் சமன்பாட்டுக்குப் போகவில்லை. சுவரோரம் கிடந்த நீள வாங்கை நடுவுக்கு இழுத்தார்.

"அஞ்சு பேர் வந்து இருங்கோ. நெருக்கமா. இடைவெளி விடாதீங்கோ."

இருந்தார்கள். வாங்கு முனகியது.

"இப்ப நீங்கள் ஆக்களில்லை. யூ.டி.எல். விளங்குதா? ஒரே சீராப் பரவின சுமை. குனிஞ்சு பாருங்கோ, வாங்கு எங்க வளையுது?"

"நடுவில."

"நடுவில ஆர் இருக்கிறான்?"

நடுவில் இருந்தவன் அட்டன் பையன், ஐவரில் ஆக மெலிந்தவன். "நான் என்னடா பண்ணேன்?" என்றான்.

"நீ ஒண்டும் செய்யேல்லை. ஆனா உனக்குக் கீழதான் மோமென்ட் கூட. டபிள்யூ எல் ஸ்குயர் பை எயிட். எழுதுங்கோ. இப்ப நான் இந்தப் பக்கக் காலைக் கழட்டிப்போட்டு, மற்றப் பக்கத்தைச் சுவருக்குள்ள புதைச்சா?"

"விழுவம்."

"விழாமல் பிடிக்கிறதுக்குச் சுவர் நாலு மடங்கு கஷ்டப்படோணும். டபிள்யூ எல் ஸ்குயர் பை டூ. அதுதான் கன்ரிலீவர். பல்கனி எல்லாம் இப்பிடித்தான் நிக்குது."

மட்டக்களப்புக்காரன் ஒருவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப செவருக்கு ஆரு மச்சான் குப்பி எடுக்கிற?"

சிரிப்பு அடங்கும்போது வாசலில் ஒரு சிங்களப் பையன் நின்றான். பக்கத்து அறைக்காரன், இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களைக் கேட்டு வந்திருக்கிறான். "தேருணே நே மச்சாங்" என்றான். விளங்கவில்லையாம். தமிழில் நடந்த வகுப்பு விளங்காததில் அவனுடைய குற்றம் என்ன இருக்கிறது? மாஸ்டர் முழுவதையும் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். அவருடைய சிங்களம் கன்ரீனில் பழகியது. பருப்பு, சம்பல், மிச்சக் காசு ஆகிய மூன்று துறைகளில் மட்டும் புலமை உடையது. அந்தச் சொற்களோடு கையையும் வாங்கையும் சேர்த்து அவர் நடத்திய பாடத்தை அந்தப் பையன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். அடுத்த கேள்விக்கு முதலில் விடை சொன்னவனும் அவனே. தேசிய நல்லிணக்கத்துக்கு இந்த நாட்டில் அமைச்சு எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாங்கு வாங்கியிருக்கலாம்.

குப்பி மாஸ்டருக்கு மூன்று அறிகுறிகள் உண்டு என்று சொல்லலாம்தான், ஆனால் ஒன்றே போதும்: அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. இரவு பத்துக்குத் தொடங்கியதை ஒரு மணிக்கு முடித்துப் பலகையைத் துடைப்பார். அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவன் வருவான். "மச்சான், முதலாவது பக்கத்தில இருந்து ஒருக்காச் சொல்லன்." வேறொருவனாக இருந்தால் மார்க்கரை எறிந்திருப்பான். மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, "இதுக்குள்ள ஒண்டுமே இல்லையடா" என்று தொடங்கிவிடுவார். இது நல்ல மனமா, நோயா என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்து வருவதுண்டு.

கூலி என்று பார்த்தால் நடுச்சாமத்தில் ஓர் இஞ்சிப் பிளேன்ரீ. பரீட்சை முடிந்த அன்று கலஹா சந்தியில் ஒரு கொத்து. அதுவும் பத்துப் பேர் சேர்ந்து வாங்கித் தருவார்கள், பத்துப் பேரும் அதில் கைவைப்பார்கள். மகாபொலப் புலமைப்பரிசில் பணம் வரப் பிந்தினால் அதுவும் இல்லை.

மாஸ்டருக்குச் சோதிடமும் தெரியும் என்பது சபையின் நம்பிக்கை. பத்து வருடப் பழைய வினாத்தாள்களை அடுக்கி வைத்து, "இந்தக் கேள்வி போன முறை வரேல்லை, அதுக்கு முதல் முறையும் வரேல்லை, ஆனபடியா இந்த முறை கட்டாயம்" என்பார். சபை கண்மூடி அதை மட்டும் படிக்கும். மறுநாள் அது வராது. மண்டபத்தை விட்டு வெளியே வந்து யாரும் அவரைத் திட்டியதாக வரலாறு இல்லை. "அவன் சொன்னது சரி, பேப்பர்தான் பிழை" என்பார்கள். இப்படிப்பட்ட தொண்டர்கள் அரசியல்வாதிகளுக்கே வாய்ப்பதில்லை.

மாணவிகளுக்கு எடுக்கும் குப்பி வேறு ரகம். அது விடுதியில் நடக்க வழியில்லை. பின்னேரம் பீடத்து வகுப்பறையில், வெளிச்சத்தில் நடக்கும். சாரக்காரர் அன்று கொலர் வைத்த சேட்டில் போவார். இரவில் "எருமை, இது கூடத் தெரியாதா?" என்ற வாய், இங்கே "விளங்காட்டி இன்னொருக்காச் சொல்லுறன், பிரச்சினையில்லை" என்று ஒழுகும். ஆனால் இந்தக் குப்பியின் பயன் நாட்டுக்கு அதிகம், ஏனென்றால் பெண்பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். தலைப்புக்குச் சிவப்பு, சமன்பாட்டுக்கு நீலம், அடிக்கோட்டுக்கு அளவுகோல். மாஸ்டரின் வாயில் வந்த எல்லாமே அதில் இருக்கும். "இந்த இடத்தில கவனம், நான் போன செமஸ்டரில இதில தான் விழுந்தனான்" என்பது உட்பட.

அந்தக் கொப்பி போட்டோகொப்பியாகி, அதன் போட்டோகொப்பியும் போட்டோகொப்பியாகி, பட்ச் பட்சாகக் கைமாறும். எங்கள் காலத்தில் உலவிய ஒன்றில், தகைப்பைக் கணிக்க வரையும் மோர் வட்டம் பற்றிய பக்கத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று மோர் வட்டம். மற்றது யாரோ வைத்த பிளேன்ரீக் கோப்பையின் அடி. மூலக் கொப்பியில் அது மண்ணிறக் கறை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். மூன்றாம் தலைமுறைப் போட்டோகொப்பியில் அது கறுப்பு வட்டம். எங்களுக்குப் பின் வந்த ஒரு தம்பி அந்த இரண்டாவது வட்டத்துக்கு மையமும் ஆரையும் கண்டுபிடித்து, அச்சுகளும் வரைந்து வைத்திருந்தான். "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "தெரியாதண்ணை, ஆனா நோட்ஸில இருக்கு" என்றான். இந்தப் பதிலில் உயர்கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எழுதினால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள், ஆகவே எழுதவில்லை.

2020-இல் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது குப்பி செத்துவிடும் என்று நினைத்தோம். அது ஸூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் வீட்டு மாமரத்தின் கீழே சிக்னல் தேடியிருந்து எடுத்தார். பின்னணியில் கோழி கொக்கரித்தது. அம்மா வந்து "ஆரோட ராசா இவ்வளவு நேரம் கதைக்கிறாய், சாப்பிட வா" என்றது பதிவாகி, வட்ஸ்அப் குழுக்களில் இன்றும் இருக்கிறது. பழைய மாஸ்டரின் வேலை அந்தக் குப்பியோடு முடிந்துவிடும். இந்த ஸூம் மாஸ்டர் தூங்கும்போதும் எங்கோ ஒரு கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் படிப்பித்துக்கொண்டிருப்பார்.

பெறுபேறு வரும் நாள்தான் பார்க்கச் சங்கடமானது. முதலாம் வகுப்பு மாஸ்டருக்குக் கிடைக்காது. குப்பியில் பின்வாங்கில் இருந்து ஒரு வார்த்தை பேசாமல், எல்லாம் முன்பே தெரிந்தும், தனக்குத் தெரிந்தது சரிதானா என்று பார்க்க மட்டும் வந்துபோன ஒருவனுக்குக் கிடைக்கும். மாஸ்டர் மூன்றாவது பாடத்தை இருபது பேருக்கு நான்கு தரம் சொன்ன இரவில் ஐந்தாவது பாடத்தைப் பார்க்க மறந்திருப்பார். அவருக்கு இரண்டாம் வகுப்பு. தலையணையோடு வந்தவனுக்கும் அதே இரண்டாம் வகுப்பு. மாஸ்டர் இதைப் பற்றி முறைப்பட்டதே இல்லை. தலையணைக்காரன்தான், தான் இன்னும் கொஞ்சம் விழித்திருந்திருக்கலாம் என்று கவலைப்பட்டான்.

சில மாஸ்டர்கள் கட்டாருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விடுகிறார்கள். அங்கும் கலியாண வீட்டில் பந்தற்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அகப்பட்டவருக்கு விளக்கம் சொல்லாமல் சாப்பிட இருக்கமாட்டார்கள். வெகு சிலர் மேற்படிப்பு முடித்து, ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகிறார்கள். அப்போது அவர்களும் ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டு பக்கம் வகையீட்டுச் சமன்பாடு எழுதி, நேரம் போதாமல் முடிப்பார்கள். அன்றிரவு அந்த ஊர் விடுதியில் ஒருவன் இன்னொருவனின் கதவைத் தட்டுவான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளையோ மருமகனோ பேராதனையில் படித்துப் பொறியியலாளராக வந்திருந்தால், அந்தப் பட்டமளிப்புப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள், தவறில்லை. ஆனால் யாரிடம் குப்பி எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரைச் சொல்வான். அந்தப் பெயருடையவனை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, தனி இலை போட்டு, ஆட்டுக்கறியோடு சோறு கொடுங்கள். அந்தப் பத்துப் பேரை மட்டும் கூப்பிட வேண்டாம்.