வரைந்த ஏரி, நிஜ ஏரி

தண்ணீருக்கு நடுவே வாழ்ந்தவர்கள், வரைந்த தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்றுக்கொண்டிருந்தேன். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாக்குப்பம் என்று பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம், காதுகுத்துப் படம், பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு படம். எங்களிடம் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் அருவி. மற்றதில் ஏரி, அதில் இரண்டு அன்னங்கள், அக்கரையில் ஒரு மாளிகை. பூநாரைகள் வந்திறங்கும் ஏரியை வாசலில் வைத்திருந்த அந்த மக்கள் அன்னங்கள் மிதக்கும் ஏரியைத்தான் விரும்பிக் கேட்டார்கள்.

வந்தவுடன் குழாயடியில் கை கழுவுவார்கள். விரலிடுக்கில் ஒட்டிய உப்பும் மீன் வாடையும் போகத் தேய்ப்பார்கள். பவுடர் போடுவார்கள், கண்ணாடியில் தலை வாருவார்கள், தம்பியின் கைக்கடிகாரத்தை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். பிறகு உத்தரவு போடுவார்கள். “கழுத்துக் கறுப்பு தெரியாம எடு தம்பி.” “வாட்ச் தெரியணும்.” “கால் வரைக்கும் வரணும், புதுச் செருப்பு.” நாங்கள் கேட்டபடி எடுப்போம். பிறகு நெகட்டிவ்வில் பென்சிலால் டச் செய்து கன்னத்துக் குழியை நிரப்புவார் முதலாளி. படம் பிடிக்காவிட்டால் வாங்க மாட்டார்கள்.

அந்தப் படங்களை இன்று பார்ப்பவர்கள் செயற்கை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரை பொய்தான். ஆனால் தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தவர் படத்தில் நின்றவரே. காசு அவருடையது, முகம் அவருடையது, தீர்ப்பும் அவருடையது.

இன்று நிஜ ஏரி, நிஜ வெளிச்சம், நிஜப் படகு. பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வண்டி வண்டியாக கேமராக்கள் வருகின்றன. பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும் ஒரு படத்துக்காகப் படகை அதன் மேல் விரட்டச் சொல்பவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய ‘ஷூட்’டுக்கு வரும் ஜோடிகள் ஃபைபர் படகில் ஏறி நிற்கிறார்கள். வலை அலங்காரப் பொருளாகிவிடுகிறது. படகுக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அன்று மீனவர் திரை ஏரிக்கு முன்னால் நாயகனாக நின்றார். இன்று அவருடைய சொந்த ஏரியே மற்றவர்களுக்குத் திரையாகிவிட்டது, அவர் ஓரத்தில் நிற்கிறார்.

அவரைப் படமெடுக்க வருபவர்களும் இருக்கிறார்கள். விடியலில், சூரியனுக்கு எதிரே, வலை விரியும் அந்தக் கணத்தில். அப்படி எடுத்த ஒரு படம் காலண்டரில் வந்திருந்தது. படத்தில் இருந்தவர் அதை என்னிடம் காட்டினார். “படகு என்னுதுதான். வலை வீசறதும் நான்தான். இதுல எம் மூஞ்சி எங்கப்பா?” கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நிழலுருவத்தில் யாரை வைத்தாலும் பொருந்தும். ‘மீனவர்’ என்ற வகைதான் அதில் இருந்தது, ஆள் இல்லை.

இது புதிய பழக்கமும் இல்லை. ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’வில் நூற்றுக்கணக்கான இந்தியர்களின் படங்கள் உள்ளன. பலவற்றின் கீழே இனப் பெயரோ சாதிப் பெயரோதான் தலைப்பு. ஆளை வகையாக்கும் அந்தப் பார்வை, அழகான வெளிச்சம் பூசிக்கொண்டு இன்றும் நம் லென்ஸில் இருக்கிறது.

தனக்கென ஒரு பாணி வேண்டும் என்று ஒவ்வொரு புகைப்படக்காரருக்கும் ஒரு தவிப்பு உண்டு. எனக்கும் உண்டு. லென்ஸ், நிறம், கறுப்பு வெள்ளை என்று எங்கெங்கோ தேடுகிறோம். பழவேற்காட்டில் தலைமுறைகளாக ஒரு பாடு முறை இருக்கிறது. நல்ல மீன்பிடி இடம் யாருக்கும் சொந்தமில்லை. குப்பங்களுக்குள் முறை வைத்து, சீட்டுப் போட்டு, அவரவர் நாளில் அவரவர் அங்கே வலை கட்டுவார்கள். அதே இடத்தில், அதே மாதிரி வலையில் ஒருவருக்கு நிறையவும் ஒருவருக்குக் கொஞ்சமும் விழும். நீரோட்டத்தையும் நிலவையும் அறிந்த கைதான் வித்தியாசம். படமும் அப்படித்தான். இடமும் கருவியும் எல்லோருக்கும் பொது. அந்த இடத்தோடு நமக்கு என்ன பழக்கம் என்பதுதான் நம்முடையது.

எனக்கு என் பாணி கிடைத்தது தண்ணீருக்குள். ஏரியிலும் அதையொட்டிய கழிமுகங்களிலும் இருளர் பெண்கள் கையால் இறால் பிடிக்கிறார்கள். மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். விரலில் பட்ட இறாலை அமுக்கி எடுத்து, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் கூடைக்குள் போடுவார்கள். கரையில் நின்று பார்த்தால் ஒரு தலையும் ஒரு கூடையும்தான். இறங்கி, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் பிடித்தால் வேறொன்று தெரியும்: இறுகிய தாடை, புடைத்த கழுத்து நரம்பு, எதையும் பார்க்காத கண். பார்ப்பதெல்லாம் விரல்தான்.

அப்படி எடுத்த ஒரு படத்தை அதில் இருந்த ஆயாவிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குது. கை எங்க? வேலை செய்யறது கைதானே?” என்றார். கரையேறி, கை கழுவி, புடவையில் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். இறால் முள் கிழித்த கோடுகள், உப்பில் வெளுத்த விரல் நுனிகள். “இப்ப எடு.” பொன்னேரி ஸ்டுடியோவில் கேட்ட அதே உத்தரவுக் குரல்.

அன்றிலிருந்து இரண்டு படம் எடுக்கிறேன். ஒன்று நான் பார்த்தது. இன்னொன்று அவர்கள் கேட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். என் பாணி என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தான். அதில் பாதி அவர்களுடையது, அதில்தான் எனக்குப் பெருமை.

இந்த வழியில் என்னைவிடத் தொலைவு போனவர் எம். பழனிக்குமார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்ற தாயின் மகன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். எண்ணூர் அருகே கொசஸ்தலை ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் மூதாட்டியின் வாழ்க்கையைப் ‘பாரி’ இணைய இதழில் பெயரோடும் முகத்தோடும் பதிவு செய்தவர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்து எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான். வகையாகப் பார்க்கப்பட்டவர்கள் தாங்களே பார்க்கத் தொடங்கினால், நாம் தேடியலையும் புதுப் பார்வை தானாக வரும்.

பழவேற்காட்டுக்கு அந்தப் பார்வை இப்போது அவசரமாகத் தேவை. முகத்துவாரத்தை மணல் மூடுகிறது. கடல் நீர் உள்ளே வராவிட்டால் இறாலும் இல்லை, மடவையும் இல்லை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தைக் குப்பங்கள் எதிர்த்துப் போராடியிருக்கின்றன. விடியல் நிழலுருவத்தில் இவை எதுவும் தெரியாது.

அங்கே போகும் இளம் புகைப்படக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பெயரைக் கேளுங்கள். “எப்படி எடுக்கட்டும்?” என்றும் கேளுங்கள். எடுத்த படத்தை அச்சுப் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். அதை அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டினால் உங்களுக்கு ஒரு பாணி வந்துவிட்டது என்று அர்த்தம்.