காலை விடாம ஆழம் பாக்குற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஆழம் தெரியாம காலை விடாதேன்னாங்க பெரியவங்க. நீ காலே விடாம ஆழம் பாக்கப் போறியாமே! உங்க ஆச்சிக்குப் பெருமை தாங்கல.

நம்ம கடல்ல இருக்குற வான் தீவு கரையுதுன்னு சர்க்கார் பக்கத்துல செயற்கைத் திட்டு இறக்கியிருக்கு. மணல் எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு பாக்கணும்லா, வேலை நல்ல வேலைதான். வனத்துறை அனுமதி மட்டும் வாங்கிரு.

நீ பறக்கவிடப் போற ட்ரோன் கேமராவுல அஞ்சு கண்ணாம். சிவப்பு வெளிச்சத்தைத் தண்ணி ரெண்டு மூணு பாக ஆழத்துக்குள்ள முழுங்கிரும். நீலமும் பச்சையும் இன்னும் கீழ போய்த் தரையைத் தொட்டுத் திரும்பும். ரெண்டையும் வகுத்து ஆழம் போடுத. வெளுப்பைப் பாத்துத் திட்டு, கருப்பைப் பாத்து மடுன்னு கரைவலைக்காரனும்தான் சொல்லுதான். அவனுக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கல.

அந்தக் கருப்புலதான் சூதே இருக்கு. ஒரு பாகத் தண்ணியில அடர்ந்து கிடக்குற கடற்புல்லும் மேலருந்து பாத்தா கருப்புதான். உன் கணக்கு அதை மடுன்னு சொல்லும். நம்பி வந்த வள்ளம் தரை தட்டும்.

முதல்ல தண்ணியோட தெளிவைப் பாரு. 1865-ல செக்கின்னு ஒரு சேசு சபைச் சாமியார், போப்பாண்டவர் கப்பல்லருந்து வெள்ளைத் தட்டைக் கயித்துல இறக்கி, அது கண்ணுக்கு மறையுற ஆழத்தைக் குறிச்சார். நீயும் அப்படி ஒண்ணை இறக்கு. தட்டு அரைப் பாகத்துல மறைஞ்சுதா, ட்ரோனைப் பெட்டியில பூட்டிட்டு மீன்குழம்பு சாப்பிட வந்திரு. கார்த்திகை மழையில தாமிரபரணி புன்னைக்காயல்ல கொட்டுத கலங்கலுக்கு நீலமென்ன, பச்சையென்ன? தெளிஞ்ச நாள்லயும் காத்து கிளம்புமுன்ன, காலையிலயே பறக்கவிடு. உச்சி வெயில்ல தண்ணி மினுக்குனா படம் பாழ்.

முத்துப் பாரை அளக்கேன்னு மட்டும் சவடால் அடிக்காத. அது எட்டு, பத்துப் பாகத்துல கிடக்கு, உன் கேமராக் கண்ணுக்கு எட்டாது. அங்க சர்க்கார் கடைசியா முத்துக்குளிப்பு நடத்துனது 1961-ல. குளிக்கிறவன் கயித்தை மச்சான் கையிலதான் குடுப்பானாம். விட்டா அறுபடுறது கூடப்பொறந்தவ தாலியில்லா!

உன் படத்துக்கும் அங்கங்க குண்டு இறக்கி அளந்த நிஜ ஆழம் வேணும். இல்லன்னா வகுத்து வந்த எண்ணு மீட்டராகாது. அதைத் தினக்கூலிக்கு வர்றவன்கிட்ட விடாத. அந்த வழியா தினம் வள்ளம் ஓட்டுறவனைக் கூப்பிடு. தப்பாச் சொன்னா தட்டுறது அவன் வள்ளம். கட்டுரையில அவன் பேரையும் போடு. உன் பேருக்கு முன்னாடி போடச் சொல்லல, போட்டாலும் குத்தமில்ல.