சக்கைச் சம்பல்

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எந்தக் கதவைத் தட்டினாலும் பிளேன்டீ வரும். வேண்டாமென்றால் கோபம், குடித்தால் இன்னொரு கோப்பை. ஆனால் அந்தத் தேயிலையைத் தின்னலாம் என்று சொல்லிப் பாருங்கள், நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பார்கள்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்றிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இலைதான் சோறு போடுகிறது. அதைச் சோற்றில் போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர், சமையலில் அவரிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது.

பர்மாக்காரர்கள் வேறு மாதிரி. இளங்கொழுந்தை ஆவியில் அவித்து, அமுக்கி, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் புளிக்க விடுவார்கள், அதுதான் லபெட். பிறகு பொரித்த வெள்ளைப்பூடு, எள்ளு, கச்சான், காய்ந்த கூனி, தக்காளி, எண்ணெய், தேசிக்காய்ப் புளி எல்லாம் போட்டுப் பிசைந்து தின்பார்கள். இதை என் தங்கச்சி போனில் பார்த்துவிட்டாள்.

கொழும்பில் கொழுந்துக்கு எங்கே போவது? காலைத் தேத்தண்ணி வடித்த சக்கை வடியிலேயே இருந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், மாசி, தேசிக்காய் சேர்த்துச் சம்பலாக்கி மச்சானின் தட்டில் வைத்தாள். அவர் மென்ற 'நறநற' அடுத்த அறைக்குக் கேட்டது.

"ரோசாச் செடிக்குப் போடுறத மாப்பிள்ளைக்குப் போட்டிருக்காளே!" என்றார் உம்மா.

தங்கச்சியைச் சொல்லிக் குற்றமில்லை. கடைத்தூள் என்பது வாட்டி, அரைத்து, நிறம் மாறவிட்டு, சூட்டில் காயவைத்தது. ருசியெல்லாம் கோப்பைக்குள் இறங்கியபின் மிஞ்சுவது வெறும் நார்தான். அதுவும் எங்கள் ஏரியாவில் சாயம் கறுக்க வேண்டுமென்று பொடித் தூளாகப் பார்த்தல்லவா வாங்குகிறோம்!

அடுத்து சீனத்து முட்டை. அவித்த முட்டையின் ஓட்டை மெதுவாகத் தட்டிக் கீறல் விழச் செய்து, தேயிலை, சோயா சோஸ், கறுவா, அன்னாசிப் பூ போட்ட தண்ணீரில் இன்னொரு தரம் கொதிக்கவிட வேண்டும். உரித்தால் வெள்ளைக்கருவில் பளிங்குக்கல் மாதிரிக் கோடுகள். பெருநாளைக்கு மருதோண்டி குழைக்க உம்மா சாயத்தண்ணிதான் ஊற்றுவார். "முட்டைக்கும் மருதோண்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டார்.

பஞ்சாபிகளின் வித்தைதான் எங்கள் மாடியில் நன்றாக எடுபட்டது. கொண்டைக்கடலை அவிக்கும்போது தேயிலையைச் சீலைத்துண்டில் முடிந்து உள்ளே போட்டுவிடுவார்கள்; கடலை நன்றாகக் கறுத்து வரும். நோன்பு திறக்க அனுப்பிய கடலையைத் தின்றுவிட்டுப் பக்கத்து வீட்டு மாமி என்ன மசாலா என்று துருவித் துருவிக் கேட்டார். தங்கச்சி மூச்சு விடவில்லை.

இப்போது அட்டனிலிருந்து யாரோ பச்சைக் கொழுந்து கொண்டுவரப் போகிறார்களாம். செய்தி கேட்டதிலிருந்து மச்சான், பிரேமதாச மைதானத்தில் மேட்ச் இருக்கிறதென்று இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்து வெளியே போய்விடுகிறார், மைதானத்து விளக்கு எரியாத நாட்களிலும்.