எடைக்குப் போட்டதும் விலைக்குத் தேடுவதும்

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் பழைய கம்ப்யூட்டர் சாமான் தேடிப் போகிறவனுக்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டியிருந்தது. அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பினால், புது உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே படிக்கட்டிலும் நடைபாதையிலும் பழையவை குவிந்து கிடக்கும். 2000ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலுக்குப் பயந்து அலுவலகங்கள் எந்திரங்களை மாற்றிய காலம் அது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 386, 486 கணினிகளும் கழித்துக்கட்டப்பட்டன. ரிச்சி தெருவில் அகப்படாதது ஏதாவது ஒரு காயலான் கடையில் அகப்படும். “எது வேணுமோ பொறுக்கிக்க தம்பி, எடைக்குத்தான் காசு” என்பார் கடைக்காரர். ஃபிளாப்பி டிரைவும் துருப்பிடித்த ஜன்னல் கம்பியும் ஒரே தராசில் ஏறின.

வங்கியிலும் ரயில்வே கவுன்டரிலும் கடகடத்த டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, தூசி தட்டினால் ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், ஐந்தேகால் அங்குல டிரைவ் எல்லாம் அப்படிக் கைக்கு வந்தவைதான். இன்று அதே சாமான்கள் இணையச் சந்தையில் ‘அரிய பொருள்’ என்ற அடைமொழியோடு நிற்கின்றன. ஓடுமா என்று கேட்டால், சோதித்துப் பார்க்கவில்லை என்று பதில் வருகிறது.

அதற்காக அன்றைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குவியலில் நாங்கள் பொறுக்கியதுபோக மிஞ்சியதன் கதி கொடுமையானது. செம்புக்காக ஒயரைக் கொளுத்தினார்கள். துளித் தங்கத்துக்காகப் போர்டுகளை அமிலத்தில் ஊறவைத்தார்கள். ஈயம் கலந்த பிக்சர் டியூப் கண்ணாடியை வெறுங்கையால் உடைத்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் தினக்கூலிகள்.

மின்கழிவுக்கென்று தனி விதிகள் 2012 மே முதல் நடப்புக்கு வந்தன. அவற்றைத் திருத்தி எழுதிய 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் செயல்படுகின்றன. விற்ற பொருளின் முடிவுக்கும் உற்பத்தியாளரே பொறுப்பு. கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். நான் போய்ப் பார்த்த ஒரு நிலையத்தில் தொழிலாளர்கள் கையுறையும் முகமூடியும் அணிந்திருந்தார்கள். பார்க்க நிறைவாக இருந்தது. பழைய டிரைவ் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். “உள்ளே வந்ததை வெளியே விட முடியாது சார், எல்லாம் கணக்கு” என்றார் மேலாளர். அவர் பின்னால் அரவை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முறைகேடாக நடந்தபோது பிழைத்த சாமான், முறையாக நடக்கும்போது தூளாகிறது.

எதற்கு இந்தத் தேடல் என்று கேட்பவர்களிடம் நான் காட்டுவது தமிழைத்தான். எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் கணினியில் அச்சுக் கோக்கத் தொடங்கின. அந்த எழுத்தெல்லாம் ஃபிளாப்பியில் ஏறியது. அப்போது மென்பொருளுக்கு மென்பொருள், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. டாம், டாப் என்ற தரங்களைத் தமிழக அரசு ஏற்றதே 1999இல்தான். யூனிகோடு எல்லாக் கணினிக்கும் வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே அந்தக் காலத்துக் கோப்பு ஒன்றைப் படிக்க ஃபிளாப்பி மட்டும் போதாது. அதைச் சுழற்றும் டிரைவ், அந்த மென்பொருள், அந்த எழுத்துரு மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

சிற்றிதழ் நடத்திய நண்பர் ஒருவர் தம் ஃபிளாப்பிகளை என்னிடம் கொடுத்தார். சென்னையின் ஈரக்காற்றில் காந்தத் தகட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை, படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு தகட்டைக் கீறிவிடும். உறையின் திறப்பு வழியாகத் தகட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ஹெட்டையும் துடைத்தேன். பிறகு டிரைவைக் கணினியோடு இணைத்தேன். அதற்கான தட்டையான நாடா கேபிளின் முனைக்கு அருகே சில கம்பிகள் மட்டும் முறுக்கியிருக்கும். அந்த முறுக்கைத் தாண்டிய முனையில் டிரைவை மாட்டினால்தான் அது ஏ டிரைவ். விளக்கு எரிந்தது, ஹெட் தடம் தடமாக நகர்ந்தது. திரையில் வந்தவை புரியாத குறிகள். பழைய எழுத்துருவை ஏற்றியதும் அவை நண்பர் எழுதிய தலையங்கமாயின. அவரிடமே அதன் அச்சுப்பிரதி இல்லை.

சோனி நிறுவனம் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பதை 2011இல் நிறுத்திக்கொண்டது. இருக்கிற டிரைவ்களில்தான் இனிப் படித்தாக வேண்டும். யுஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் மூன்றரை அங்குலத்தை மட்டுமே படிக்கும். ஐந்தேகால் அங்குலத்தின் காந்தத் தடத்தை இன்றைய கணினிக்குக் கொண்டுவர கிரீஸ்வீசல் போன்ற சிறு போர்டுகள் உண்டு. ஆனால் அந்தப் போர்டுக்கும் ஒரு பழைய டிரைவ் வேண்டும்.

அரவை எந்திரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு அலமாரி வையுங்கள் என்கிறேன். பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர்களுக்கும் 2022 விதிகளில் இடம் உண்டு. ஃபிளாப்பி டிரைவ், பழைய கன்ட்ரோலர் கார்டு, கீபோர்டு போன்றவற்றைப் பிரித்தெடுத்து அவர்கள் வழியாக நூலகங்களுக்குத் தரலாம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஓடுகிற நிலையில் ஒரு பழைய கணினி இருக்கட்டும். ஓலைக்கும் அச்சுத் தாளுக்கும் காட்டும் அக்கறையை ஃபிளாப்பிக்கும் காட்டுவோம். உங்கள் வீட்டுப் பரணில் ஃபிளாப்பிகள் இருந்தால் இந்த ஆண்டே யாரிடமாவது கொடுத்துப் படித்துவிடுங்கள். கணினியை எடைக்குப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.