வாசல் வரவு

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்க யாரும் தகுதி பார்ப்பதில்லை. அதனால்தான் வருஷா வருஷம் நானும் பிடிக்கிறேன். வடத்தைத் தொட்டுக்கொண்டு கூடவே நடக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள், அது பொறாமை.

ஆனால் தடி போடுகிற பக்கம் நம்மை அண்ட விடமாட்டார்கள். 450 டன் என்று ஊரே சொல்லும் சுவாமி தேர், வடத்துக்கு மட்டும் மசியாது. பின்னாலிருந்து சக்கரத்துக்குத் தடி கொடுத்து வாலிபர்கள் நெம்பினால்தான் முதல் அசைவு. ஓடத் தொடங்கிவிட்டால் முட்டுக்கட்டைக்காரர் ராஜ்ஜியம். ரத வீதி முக்கில் எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாய்வில் கட்டை போட்டால் தேர் திரும்பும் என்பது அவர் கண்ணில் இருக்கிறது. போட்ட கை அந்த நொடியே வெளியே வந்தாக வேண்டும். வடத்துக்கு ஊரே வரலாம்; கட்டைக்கு அவர்தான்.

இந்த ஞானத்தோடுதான் மகள் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சொதிக்கு நான் சோலி பிரித்தேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. சொதி சரியில்லை என்றால் பேரன் காது குத்துக்கும் அதைப் பேசுவார்கள். கணக்கு வாத்தியாரான பெரிய அத்தானுக்கு உக்கிராணம். வெண்கலக் குரல் சித்தப்பாவுக்குப் பந்தி விசாரிப்பு. மிலிட்டரி மச்சினனுக்கு வாசல். எல்லாருக்கும் மேலே, பெட்டி கட்டி, 'பொது மேற்பார்வை' என்று என் பெயர். நாலு கலரில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன்.

மனைவி வாசித்தாள்.

"அத்தான்கிட்ட உக்கிராணச் சாவியக் குடுத்தா தவசுப்பிள்ளை ஒவ்வொரு தேங்காய்க்கும் கையெழுத்துல்லா போடணும்? சொதி ராத்திரிக்குத்தான் வரும். அவங்க வரவு செலவு எழுதட்டும். பந்திக்குச் சத்தம் எதுக்குங்க, கண்ணுல்லா வேணும். யார் இலையில இஞ்சிப் பச்சடி தீந்துட்டுன்னு பாக்கணும். பெரியம்மா மகன் வாயத் தொறக்காம பாப்பான். உங்க மச்சினன வாசல்ல நிறுத்தினா சம்பந்திகிட்டயே அடையாள அட்டை கேப்பான்."

என் மச்சினன் என்றாள். அவளுடைய சொந்தத் தம்பி. அவனை இரண்டாம் பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர்களை வரிசைப்படுத்த அனுப்பினாள். சரியான போர்முனை.

அடுப்பருகே நிற்க அவள் தேர்ந்தெடுத்தது சின்ன மதினியை. பிறத்தியார் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் மனுஷி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொதிக்கு அதுதானே தேவை? மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்து, கடைசியில் தலைப்பால் விழும். அதன்பிறகு கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். இத்தனை இடத்திலும் சந்தேகப்படுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? தாமிரபரணித் தண்ணியில் சொதி கெடவே கெடாது என்று தவசுப்பிள்ளை சொன்னதையும் மதினி நம்பவில்லை.

"அப்ப எனக்கு?"

"நீங்க வாசல். பேரு மறந்தாலும் மறக்காத மாதிரி சிரிக்க உங்களுக்குத்தான் வரும். வேற எங்க நிறுத்தினாலும் யோசனை சொல்லுவீங்க."

நின்றேன். கைகூப்பி, சந்தனம் நீட்டி, வந்தவர் அனைவரையும் "எவ்வளவு நாளாச்சு!" என்று வரவேற்றேன். அதில் பக்கத்து மண்டபத்துக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் மயங்கி உள்ளே போய், முதல் பந்தியில் உட்கார்ந்து, சொதியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, மகள் கையில் ஒரு கவரும் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. பெயர் தெரியாததால் பெரிய அத்தான் அந்த 501 ரூபாயை நோட்டில் 'வாசல் வரவு' என்று தனிப் பத்தி போட்டு எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.